அமரர் ஊர்தியைக் கூப்பிட்ட மதியம்

விக்கிரவாண்டியைத் தாண்டி, திண்டிவனம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். மூன்று மணி வெயில். பேருந்துகள் நின்று போகும் அந்த நெடுஞ்சாலை ஓட்டல் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. காறித் துப்பினேன்.

சாலையோரம் நின்று விசில் ஊதி, பச்சைக் கொடி ஆட்டி, பேருந்துகளை உள்ளே இழுப்பது அங்கே என் வேலை. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம், ஃபேன் போட்ட தனி அறை. அந்த ஆசையில் வண்டி திரும்பும். பயணிகள் ஆறிப்போன தோசையைத் தின்பார்கள். காலை ஆறு மணிக்கு நின்றால் இரவு பத்து. விடுமுறை கிடையாது. ஐந்தாவது மாதம் தூக்கம் போனது. படுத்தால் காதுக்குள் ஹாரன் கேட்கும், கை தானாக எழும்பும். பக்கத்தில் படுக்கும் பரோட்டா மாஸ்டர் என் கையைத் துண்டால் கட்டிவைப்பார். அவருக்கும் சரியில்லை. சோற்றைப் பிசையும்போது அழுவார். ஏனென்று கேட்டால் தெரியவில்லை என்பார்.

உழைக்கிறவனுக்கு மனக்கோளாறு வராது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் மதியம் படுத்துத் தூங்குகிறவர்கள்.

அன்று மதியம் ஒரு வெள்ளை வேனும் பின்னால் ஒரு பேருந்தும் வந்தன. விசில் ஊதினேன். ஏதோ சோதனை என்று நினைத்து வேன்காரர் உள்ளே திருப்பிவிட்டார். கிட்டே வந்த பிறகுதான் மாலைகள் கண்ணில் பட்டன. அமரர் ஊர்தி. பேருந்து முழுக்க உறவுக்காரர்கள்.

ஒரு பெரியவர் இறங்கி வந்தார். "எதுக்குய்யா நிறுத்துன?"

தெரிந்தும் என் வாய் நிற்கவில்லை. "பத்து நிமிஷம் நிக்கும் சார். டிரைவருக்குப் பின்னாடி தனி ரூம் இருக்குது."

"பொணத்துக்கு எந்த ரூமு?"

அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டி ஏறினார்.

நேராகக் கல்லாவுக்குப் போனேன். "அண்ணே, தலை வேலை செய்யல. எட்டு மணி நேரமாக்குங்க. இல்லன்னா பைத்தியமாயிடுவேன்."

முதலாளி நிமிராமல் கேட்டார். "பின்னாடி வந்த பஸ்ஸுல எத்தினி பேரு எறங்குனாங்க? டீ குடிச்சாங்களா?"

கொடியை மேசைமேல் வைத்தேன்.

"ஒம்போதாவது ஃபெயிலுக்கு எட்டு மணி நேரம் கேக்குதா? கவர்மெண்டு உத்தியோகத்துக்குப் போடா."

இரவு திண்டிவனம் பேருந்து நிலையத்தில் படுத்தேன். தூங்கவில்லை. விடிந்ததும் கிளியனூர் பக்கம் நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை ஆயும் வேலைக்குப் போகும் பெண்கள் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள்.

"எத்தினி மணிக்கு விடுவாங்கக்கா?"

"ஒரு மணிக்கு," என்றாள் ஒருத்தி. "செடி புடுங்க ஆம்பளைங்க போயாச்சு. காய் ஆயறதுதான் இருக்குது. பொம்பளைங்களோட குந்திக்கினு ஆய்வியா?"

"ஆய்வேன்."

"கூலி கம்மி. அப்புறம் பேஜாரு பண்ணக் கூடாது."

மற்றவர்கள் சிரித்தார்கள். நகர்ந்து இடம் விட்டார்கள். ஏழு மணிக்கு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, செடியிலிருந்து காய்களைப் பிய்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு எழுந்துகொள்ளச் சொன்னார்கள்.