செல்லாயி அக்கா கேட்ட கோபம்

தேயிலைத் தூசியின் வாசம் தெரியுமா? முதலில் மூக்கில் ஏறும், பிறகு தொண்டையில் கசக்கும்... பந்தலூர் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பெண்களுக்குத் தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் பழுப்பாக இருக்கும். இரண்டு தரம் சீயக்காய் போட்டாலும் போகாது.

நான் அங்கே ஆபீஸில் டைப்பிஸ்ட். டெம்பரரிதான். ஆனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளில் இங்கிலீஷ் லெட்டர் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று தலைக்கனம் மட்டும் பெர்மனன்ட்.

ஒரு நாள் வேலை விட்டுப் போகும்போது கேட் செக்கிங்கில், தூள் சலிக்கும் செல்லாயி அக்காவை நிறுத்தினார்கள். அத்தனை பேர் முன்னால் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்து உதறியதும் சிமெண்ட் தரையில் ஒரு சிட்டிகைத் தூள் விழுந்தது.

நாள் முழுக்கச் சல்லடை முன்னால் நிற்கிற எந்தத் தலையை உதறினாலும் அது விழும். அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் திருட்டு என்று எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அக்கா என் மேஜைக்கு வந்தார். அழவில்லை. மேனேஜர் துரைக்கு இங்கிலீஷில் ஒரு லெட்டர் வேண்டும் என்றார்.

"எனக்காக மட்டும் வாற கோவமில்ல பிள்ள. நாளைக்கு எவ கொண்டைய அவுத்தாலும் எனக்கு இந்தக் கோவம் வரும். அத எழுது."

டிக்‌ஷனரியைப் புரட்டினேன். ஆங்கர் என்றால் வெறும் கோபம். சோறு குழைந்துபோனால்கூட வரும். தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது இன்டிக்னேஷன். அநியாயத்தைக் கண்டு வரும் கோபம் என்று போட்டிருந்தது. யாருக்கு நடந்தாலும் சரி, நடந்தது அநியாயம் என்றால் இந்த வார்த்தை.

அக்கா சொன்னது அதேதான்... டிக்‌ஷனரி பார்க்காமலே சொல்லியிருந்தார். பெருமையாக அடித்து எடுத்துப் போனேன்.

ஹெட் கிளார்க் படித்தார். என்னைப் பெர்மனன்ட் ஆக்க மேலே பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"இந்த வார்த்தையெல்லாம் தொரைங்க எழுதறது அம்மிணி. நாம எழுதுனா திமிருன்னுதான் படிப்பாங்க. மன்னிப்புன்னு போட்டுரு. அந்தம்மா வேலையும் தங்கும், உன் வேலையும் தங்கும்."

அக்காவின் வேலைக்காகத்தான் மாற்றினேன் என்று ரொம்ப வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என் வேலைக்காகத்தான்.

புதுத் தாள் சொருகி மன்னிப்புக் கடிதம் அடித்தேன். அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தான் சொன்னது அதில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒட்டிவிட்டார்கள். திருடியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டதால், செல்லாயி வேலையில் தொடரலாமாம். யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேல போனா போகட்டுமுன்னுதானே உங்கிட்ட வந்தேன்."

அவ்வளவுதான். அந்த மாதமே குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். எனக்குப் பெர்மனன்ட் ஆர்டர் வந்தது.

இப்போது குன்னூரில் இருக்கிறேன். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் தண்ணீர் லாரி லேட்டாக வந்தால் இன்டிக்னேஷன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் இன்டிக்னேஷன். அந்த வார்த்தைக்கு வந்த கேடு...

நான் மட்டும் என்ன ஒழுங்கு? போன வாரம் ஆர்டர் போட்ட மிக்சி உடைந்து வந்தது. 'டீப் இன்டிக்னேஷன்' என்று ஒரு மெயில் தட்டிவிட்டேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ஒரே மெயிலில் மூன்று இடத்தில் மன்னிப்பு.

ஒரு மிக்சிக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். செல்லாயி அக்காவிடம் இன்று வரை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.