ஒரு மார் சட்டை

மகள் ஆன்லைனில் வரவழைத்த சட்டையை நேற்றுப் போட்டுக் காட்டினாள். பாதித் துணி அவள் உடம்பில், மீதிப் பாதி காற்றில். "ஏன்டீ, அளவு தப்பாப் போட்டுட்டியா?" என்றேன். "அம்மா, இதான் ஓவர்சைஸ், ஃபேஷன்" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த ஃபேஷனை நாங்கள் காசிமேட்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே தைத்துவிட்டோம், அதுவும் தெரியாத்தனமாக. மகள் நம்பமாட்டாள். நீங்களாவது நம்புங்கள்.

புதுத் துணியைப் பிரித்ததும் ஒரு கஞ்சி வாசனை வருமே, அது மூக்கில் ஏறினால் போதும், எனக்கு அந்த அறை ஞாபகம் வந்துவிடும். மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு நீள அறை. நாலு தையல் மெஷின், அதில் ஒன்று மிதித்தால் பின்பக்கமாக ஓடும். துணியிலும் மீன் வாசனை, டீயில் தொட்டுக்கொள்ளும் பிஸ்கட்டிலும் மீன் வாசனை. எனக்கு இருபத்திரண்டு வயது. பக்கத்திலேயே டோல்கேட்டில் மளிகைக்கடை வைத்திருந்த என் அப்பா, திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், "ஏட்டி, அங்க போயி நீ என்னத்தச் சொல்லிக் குடுக்கப்போற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது. தையல் டிப்ளமோ வாங்கிய கையோடு, கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு டாக்டர் கணக்காக நடந்துகொண்டிருந்தேன்.

பன்னிரண்டு பெண்கள். அவரவர் உடுப்பை அவரவரே தைத்து, அழகுவேலையும் செய்து போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் வகுப்பு. அதில் அமுதாவுக்குப் பதினாறு வயது. பிறந்ததிலிருந்து அக்கா போட்டுக் கழித்ததையே போட்டவள். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு நிச்சயதார்த்தம் என்பதால், மீன் விற்கும் அவள் அம்மா முதல் முறையாக இவளுக்கென்று தனியாகத் துணி எடுத்துக் கொடுத்திருந்தார். நல்ல மாம்பழ மஞ்சள். "துணிய பாழாக்குன, கிளாஸும் வாணாம் ஒரு மண்ணும் வாணாம், கூடைய தூக்கினு எங்கூட வந்துடு" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் அமுதா. ஆனால் துணியைப் பிடித்த பிடியை விடவில்லை.

வியாழக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். மார்பளவு என்று சத்தமாகச் சொல்லக் கூச்சம். வாசலிலேயே ஐஸ் உடைக்கிற ஆட்கள். அதனால் பாதியை விழுங்கி, "எல்லாரும் மார் அளவு எடுத்து எழுதிட்டு வாங்க. அத வெச்சுத்தான் கழுத்து, கைக்குழி எல்லாம் கணக்கு" என்றேன்.

வெள்ளிக்கிழமை அமுதா துணியை வெட்டியே கொண்டுவந்துவிட்டாள். ஆர்வக்கோளாறு. விரித்துப் பார்த்தேன். உள்ளே இன்னும் இரண்டு அமுதா குடியிருக்கலாம். கழுத்து வழியாக ஆளே வெளியே வந்துவிடலாம். நோட்டை வாங்கிப் பார்த்தால், மார்: அறுபது இஞ்ச். ஊதினால் பறக்கிற பெண்ணுக்கு அறுபதா! மற்ற நோட்டுகளிலும் ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு.

"எப்படிடீ அளந்தீங்க?"

அமுதா இரண்டு கையையும் அகல விரித்து நின்றாள். இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை. "இதான மிஸ் ஒரு மாரு? எங்க நைனா வலைய இப்டித்தான் அளக்கும். கடலு எம்மாம் ஆழம்னுகூட மாருலதான் சொல்லும்."

அடக் கடவுளே! வலை பின்னுகிற வீட்டுப் பிள்ளைகளிடம் மார் என்று சொன்னால் வேறு எதை அளப்பார்கள்? தப்பு முழுக்க என்னுடையது, கூடை தூக்கப்போவது அவள். விஷயம் புரிந்ததும் அவளுக்கு உதடு கோணியது. "எங்கம்மா சாவடிச்சிரும் மிஸ்." அவளை முந்திக்கொண்டு நான் அழுதுவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வேறு துணியும் கிடையாது.

என் அழுகையைப் பார்த்தோ என்னவோ அமுதாவுக்கு வந்த அழுகை நின்றுவிட்டது. "மிஸ், ரெண்டு மாரு வலைய ஒரு மாரு கயித்துல சுருக்கி கட்றோம்ல? இந்த கழுத்த அப்டி கட்னா இன்னா?"

நான் வாய் திறப்பதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். நீல வலைநூலைக் கழுத்தில் ஓட்டி, விரலாலேயே இடைவெளி பார்த்து, ஒரு சுருக்குக்கு ஒரு முடிச்சு. மாம்பழ மஞ்சளைச் சுற்றி நீல முடிச்சுகள் வரிசையாக உட்கார்ந்தன. தொளதொளப்பெல்லாம் மடிமடியாக விழுந்தது. தனியாக அழகுவேலையே தேவைப்படவில்லை. என் பங்கு, ஊசி கோத்துக் கொடுத்தது.

திங்கட்கிழமை அவள் அம்மா வாசலில் வந்து நின்றார், இடுப்பில் காலிக் கூடை. மகளை அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"யாரும்மா இங்க மிஸ்ஸு?"

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

"இன்னாம்மா இப்டி பண்ட்ட! நேத்து நிச்சயத்துக்கு வந்த ஜனம் பூரா சின்னவளையே பாத்துகினு கீது. பொண்ணு யாருன்னே மாப்ள வூட்டுக்கு டவுட்டு வந்துட்ச்சி!" என்று சொல்லிச் சிரித்தார் பாருங்கள், வெளியே ஐஸ் உடைக்கிற சத்தமே நின்றுபோனது. "இவ இங்கியே கத்துக்கட்டும்" என்றார். கூடையைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாதம் முழுக்க வகுப்பில் மார் சட்டைதான்.

அந்த அறை இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கடலின் ஆழத்தைப் படகிலேயே ஒரு மெஷின் சொல்லிவிடுகிறது. அமுதா கல்யாணமாகி எண்ணூர்ப் பக்கம் போனாள். அப்போது எங்களிடம் செல்போன் ஏது? எங்கே இருக்கிறாளோ. அளவு நாடாவோடு நடந்த அந்த ஒல்லி மிஸ்ஸும் காணாமல் போய்விட்டாள்.

இன்று மகள் காலேஜுக்குப் போனதும் அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கச்சிதமாக இருக்கிறது! கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று தனியாகச் சிரித்தேன். கழுத்துதான் கொஞ்சம் இறங்குகிறது. சுருக்கிக் கட்ட அமுதா இல்லை.