குவைத்திலிருந்து வந்த மடி

குவைத்திலிருந்து மீனம்பாக்கம் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். விமானம் ஐந்து மணி நேரத்தில் கொண்டுவந்து போட்டுவிடும். அங்கிருந்து எங்கள் கும்மிடிப்பூண்டி எழுபதுகூட இல்லை. இந்த இரண்டாவது தூரத்தை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பக்கத்து ஊரை யாராவது தூரம் என்பார்களா?

என் மகளுக்கு ஊர்க் கோயிலில் காதுகுத்து. எங்களில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். என் மனைவிக்கு உடன்பிறந்தவன் ஒருவன்தான், அவனும் குவைத்தில்.

"மடி அங்க கீது, காது இங்க கீது. இன்னாத்த குத்துவீங்க?" என்றாள் என் அக்கா. மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி மடி போதும் என்பது அவள் கட்சி.

"எந்தம்பி வராம ஊசி எடுக்கக் கூடாது அண்ணி" என்றாள் என் மனைவி.

மச்சானுக்கு லீவு கிடைத்தது; ஆனால் விழா அன்று விடிகாலையில் இறங்கும் விமானம்தான். நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவனை ஒற்றை ஆளாகப் போய் அழைத்துவருவது எங்கள் தெருவில் மரியாதை இல்லை. வேன் வைத்தோம். ஏர்போர்ட் பார்க்காதவர்கள் எல்லாரும் ஏறினார்கள். நாலு வருஷமாகத் தம்பியைப் பார்க்காத என் மனைவி, மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். திரும்பும்போது ஓர் ஆள் கூடும் என்பது, அந்த ஆளைக் கூப்பிடப் போன எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மச்சான் கயிறு கட்டிய இரண்டு பெரிய பெட்டிகளோடு வெளியே வந்தான். கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் பெட்டிகளுக்கு சீட் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. இறங்கச் சொன்னால் ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்கு ரயில் என்றால் தலைசுற்றல்.

"நீங்க ரெண்டு பேரும் ட்ரெயின்ல வந்துருங்கடா" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

மச்சான் சிரித்தான். "இதுக்கு நான் பொட்டியோட பொட்டியா வந்திருக்கலாம் மாமா."

எதிரே திரிசூலம் ஸ்டேஷன். பீச்சில் வண்டி மாறி, மீஞ்சூர், பொன்னேரி என்று ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டு வந்தோம். ஒன்பதரைக்கெல்லாம் கோயிலில் நின்றோம். காது குத்தும் பத்தர் ஊசியோடு தயாராக இருந்தார்.

"மடி வந்துச்சு. காது எங்க நைனா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவிக்கு போன் போட்டேன்.

"செங்குன்றமே தாண்டல. முன்னால பூரா கண்டெய்னர் லாரி" என்றாள். குழந்தை தூங்குகிறது என்றாள். அழுதது அவள்தான்.

வேன் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். மனைவி யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கினாள். "நேரம் பூட்ச்சு, நாலு வருஷம் காத்துக்கினு இருந்தது வேஸ்ட்டு" என்று அக்கா ஆரம்பித்தாள்.

மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினான்.

"யாரு சொன்னது பூட்ச்சுன்னு? இதுல இப்பத்தான் ஒம்பதே கால். குவைத் டைம். நான் இன்னும் மாத்தல. மடி என்து, அப்ப டைமும் என்துதான்."

பத்தர் கடிகாரத்தைப் பார்த்தார், என் மனைவி முகத்தைப் பார்த்தார். "இன்னும் ஒன்னேகால் மணி நேரம் கீதே. கொழந்தய குந்த வெய்ம்மா" என்றார்.

மகள் போட்ட கூச்சலில் கோயில் புறாவெல்லாம் பறந்தன. மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்: "எங்க ஊட்டுக் கொழந்தைக்கு ஃபாரின் டைம்ல காது குத்திக்கீது."