பைக்குள் போன கை

பல் செட் செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு அங்கே இன்றும் சி.ஐ.டி. என்றுதான் பெயர். சின்ன வயதில் அப்பா வைத்த பட்டம் அது. யாரையும் லேசில் நம்பமாட்டாள்.

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவின் சினேகிதரும் அவர் மனைவியும் வருவார்கள். மாமா வயலின் வாசிப்பார். அத்தை களிமண்ணில் முகம் செய்கிறவள் என்று பேச்சு. ஆனால் செய்து இவள் ஒருநாளும் கண்டதில்லை. கண்டதெல்லாம் அத்தையின் மடியில் ஒரு துணிப்பை, எந்நேரமும் அதற்குள்ளேயே கிடக்கும் வலது கை. வாய் அதுபாட்டுக்குப் பேசும், கண் அம்மாவை விட்டு நகராது, கை மட்டும் உள்ளே எதையோ துழாவும்.

அம்மாவின் தோடுகள் காணாமல் போனதும் இவளுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. மாமா வாசித்து எல்லோரையும் மயக்குகிறார், அத்தை கைவரிசை காட்டுகிறாள். வேறென்ன? அப்பாவோ வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. திருடியைப் பிடித்துக் கொடுத்தால் வீடு பழையபடி ஆகிவிடும்.

அடுத்த ஞாயிறு மாமா வயலின் வில்லைக் கையில் எடுத்ததும், இவள் அத்தையின் பைக்குள் கையை விட்டு அகப்பட்டதைக் கெட்டியாகப் பிடித்து இழுத்தாள். வந்தது ஈரக் களிமண். பாதி நசுங்கியிருந்தது. மீதிப் பாதியில் அம்மாவின் மூக்கு, அம்மாவின் மோவாய்.

அப்பா கையை ஓங்கினார். அத்தை தடுத்து, என்ன தேடினாய் என்று கேட்டாள். தோடு என்றாள் இவள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அத்தை கோபப்படவில்லை. மண்ணை இவள் கையில் திணித்து, அந்தக் கையைப் பைக்குள் விட்டாள். "கெடுத்தவளே சரி பண்ணு கண்ணு. கையைப் பார்த்தா வராது, அம்மா மூஞ்சியையே பாரு."

பார்த்தாள். அம்மாவை அவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை. விரலுக்கடியில் நெற்றி வந்தது, கன்னம் வந்தது. அவளுக்கே ஆச்சரியம். அதற்குள் அப்பா, அந்தத் தோட்டை எங்கேதான் தொலைத்தாயோ என்று மறுபடி ஆரம்பித்தார். அம்மாவின் உதடு இறுகியது. கண் தரைக்குப் போனது. இவள் கை நின்றுவிட்டது.

அந்த முகத்திலேயே இவளுக்குப் புரிந்துவிட்டது. தோட்டை யாரும் எடுக்கவில்லை. அது எங்கே போனதென்று அம்மாவுக்குத் தெரியும்.

"நான்தான்பா எடுத்தேன்," என்றாள் இவள். "போட்டுப் பார்க்கும்போது தொலைஞ்சு போச்சு. பயந்துபோய் அத்தை மேல பழி போடப் பார்த்தேன்."

முதுகில் பளாரென்று விழுந்தது. அம்மா பாய்ந்து வந்து, மண் அப்பிய கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தோட்டை யாருக்குக் கொடுத்தாய் என்று அம்மாவிடம் இவள் கடைசிவரை கேட்கவில்லை.