தலைமையாசிரியையின் எட்டு நாற்காலிகள்

எங்கள் குஷன் கடைக்காரர் தைத்துக் கொடுத்த சோபாவில் உட்கார்ந்த ஒரு மாமனார் மூன்று நாள் எழுந்திருக்கவே இல்லை. மருமகள் அவரைச் சுற்றியே வீடு பெருக்கினாள். மூன்று நாள் என்பது நான் சேர்த்தது. பெருக்கியது உண்மை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் உட்கார இடம் கிடையாது. கால் ஆடும் ஒரு ஸ்டூல், ஸ்பிரிங் எட்டிப் பார்க்கும் ஒரு சோபா, அவ்வளவுதான். "கடைக்கு வந்த வேல முதல்ல முடியட்டும்" என்று இருபது வருஷமாகத் தன் சோபாவைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில், இந்த வருஷம் ஈஸ்டர் விருந்து தன் வீட்டில்தான் என்று சர்ச் வாசலில் நின்று எல்லாரையும் அழைத்துவிட்டார். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்த்துப் பதினோரு மணிக்கு. மனைவி முட்டைகளை அவித்து வண்ணம் பூசினாள், கேக் சுட்டாள்.

"எல்லாம் சரி, வர்றவங்கள எதுல உட்கார வைப்பீங்க? உங்க தலைலயா?" என்றாள்.

கீழே கடையில் எட்டு நாற்காலிகள் புத்தம் புதிதாக நின்றன. தலைமையாசிரியை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கானவை. பழைய ரெக்சினைக் கிழித்துவிட்டு, அந்த அம்மாவே எடுத்துக் கொடுத்த வெண்ணெய் நிறத் துணியைப் போட்டிருந்தார். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேலை பிடித்திருந்தால் பள்ளி மண்டபத்து முந்நூறு நாற்காலிகளின் வேலையும் இவருக்குத்தான் என்று பேச்சு. அது கிடைக்காவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஒரு வேளைதானே என்று எட்டையும் மாடிக்குத் தூக்கி வந்து, ஒவ்வொன்றையும் ஒரு படுக்கை விரிப்பால் தரைவரை மூடினார்.

"என்ன மாப்ள, நாற்காலிக்கெல்லாம் பாவாட கட்டி விட்டிருக்கீங்க?" என்றார் அக்கா புருஷன்.

"சும்மா உட்காருங்க அத்தான். அசையாம உட்காருங்க."

கடைசியாக அக்கா வந்தாள், பாடகர் குழுவில் தன் பக்கத்தில் நின்று பாடும் தோழியோடு. தோழி வேறு யாருமில்லை, தலைமையாசிரியைதான்.

"கூப்பிடாம வந்துட்டேன், தப்பா நினைக்காதீங்க" என்று அந்த அம்மா தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். நம்மவர் முகம் அவித்த முட்டையாகிவிட்டது, அதுவும் வண்ணம் பூசாத முட்டை.

அரை மணி நேரம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு யாரோ சொன்ன ஜோக்குக்குக் குலுங்கிச் சிரித்த அந்த அம்மாவின் கையிலிருந்த திராட்சை ஜூஸ் மடியிலும் நாற்காலியிலும் கொட்டியது. அந்த அம்மா பதறிப்போய் எழுந்து, இருக்கை மேலிருந்த விரிப்பை மட்டும் விலக்கினார். வெண்ணெய் நிறத்தில் ஊதாக் குளம்.

"ஐயையோ, உங்க நாற்காலிய கெடுத்துட்டேனே. இதுக்கு நான்தான் துணி வாங்கித் தருவேன்." குனிந்து பார்த்தார். "அட, நான் எடுத்த துணியேதான். உங்களுக்கும் நல்ல ரசன."

மனைவி தட்டை எடுக்கிற சாக்கில் கணவர் காதருகே வந்தாள். "வாயத் திறக்காதீங்க. ராத்திரியே மாத்தித் தெச்சிடலாம்."

மாத்தித் தைக்கலாம். துணிகூட மீதி இருந்தது. ஆனால் தன் நாற்காலிக்குத் தானே தண்டம் கட்டுகிறேன் என்று ஒருத்தர் எதிரே நிற்கும்போது அவருக்கு வாய் மூட வரவில்லை.

"மேடம், அது உங்க நாற்காலிதான்."

"மத்தது?"

"எட்டுமே உங்களுதுதான். என் வீட்ல ஒண்ணுகூட இல்ல. கேக்காம எடுத்துட்டேன்."

முட்டை உரித்துக்கொண்டிருந்த கைகள் பாதியில் நின்றன.

"எல்லாரும் எழுந்திருங்க" என்றார் தலைமையாசிரியை. எழுந்தார்கள். விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவி, இருக்கையை முஷ்டியால் அழுத்தி, தையலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். அத்தானின் நாற்காலியை இரண்டு தரம் அழுத்தினார்.

"இதுல உட்கார்ந்தது நீங்களா?"

"ஆமா டீச்சர்" என்றார், நூற்றுப் பத்துக் கிலோ எடையுள்ள அத்தான்.

"கொஞ்சங்கூட அமுங்கலையே." பிறகு குஷன்காரரிடம் திரும்பினார். "கேக்காம எடுத்தது தப்பு."

"தப்புதான் மேடம்."

"கறை என் தப்பு. துணி என்னுது, தையல் உங்களுது. புதன்கிழம மண்டபத்துக்கு அளவெடுக்க வாங்க. அங்க இந்த நிறம் வேண்டாம், பிள்ளைங்க என்னவிட மோசமா சிந்துவாங்க."

அவர் "உட்காருங்க" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். வகுப்பில்கூட அவர் அப்படியொரு ஒழுங்கைப் பார்த்திருக்க மாட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் ஜூஸ் கேட்டார். மனைவி அரைக் கிளாஸ்தான் ஊற்றினாள்.