வாசலில் நின்ற பாஸ்வேர்ட்

எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டை நாங்களே வாசலில் நிறுத்தி வைத்திருந்தோம். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் "பாஸ்வேர்ட் இன்னா போடலாம்?" என்று கேட்டபோது என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை, வண்டி நம்பரைச் சொல்லிவிட்டார். மறக்காதாம். செஞ்சியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கிறேன். நோயாளிகளின் விவரமெல்லாம் என் கம்ப்யூட்டரில் வந்துபோகும். போன மாதம் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. நான் வேலை செய்யும் நெட்டில் வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது, அதில் சேர்ந்திருக்கும் போன், கம்ப்யூட்டர்களின் பட்டியலைத் திங்கட்கிழமைக்குள் படமெடுத்து அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும். இந்த வேலை வந்த பிறகுதான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறேன். அதை விட்டுவிட்டுச் சென்னையில் ஹாஸ்டல் தேடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டியலைத் திறந்தேன். எங்களிடம் இருப்பது மூன்று. அதில் ஒன்பது இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாராலும் ஊகிக்க முடியாதபடி நீளமாக ஒரு பாஸ்வேர்டை மாற்றிப் போட்டேன். ஆறு பேரும் ஒரே நொடியில் காலி. பரம திருப்தியோடு டீ போட்டுக் குடித்தேன்.

குடித்து முடிப்பதற்குள் எதிர்வீட்டு அக்கா போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி எங்கள் வாசலில் நின்றார். அவர் வீட்டுக்காரர் வெளிநாட்டில் டிரைவர். மலை மறைப்பதால் எங்கள் தெருவில் போன் சிக்னல் சரியாக எடுக்காது.

"ஆறு மணிக்கு டாண்ணு கூப்புடுவாரு. இன்னிக்கு வரல. அங்க இன்னாச்சோ தெரியலயேம்மா."

"எங்க நெட்லயா பேசினு இருந்தீங்க?"

"ஆமா. உங்க வண்டி நம்பர்தான?"

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்ததைச் சொல்வது போலச் சொன்னார். நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் மறுபடியும் போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேட ஆரம்பித்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

கனெக்‌ஷன்காரருக்கே வைஃபையில் போன் போட்டேன். "வர்றவங்களுக்குன்னு தனியா ஒரு நெட் வெக்கலாம்க்கா. அதுல இருக்கறவங்க உங்க கம்ப்யூட்டர் பக்கம் எட்டிக்கூட பாக்க முடியாது" என்று வழி சொன்னார். கம்பெனி சூப்பர்வைசரையும் கேட்டேன். தனியாக இருந்தால் பரவாயில்லை என்றார். செய்துமுடித்து அந்தப் புது நெட்டை அக்காவின் போனில் போட்டதும் அது அடித்தது. அவர் வீட்டுக்காரர்தான்.

"எங்க போன? எவ்ளோ நேரமா அடிக்கறது? சாப்டியா?"

அக்கா அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

திங்கட்கிழமை மூன்றே மூன்று பெயரோடு படம் போனது. மதியமே சரி என்று பதில் வந்தது. மற்ற ஐந்து பேர் யாரென்று இன்றுவரை தெரியாது, ஒருவரும் வந்து கேட்கவில்லை.

அக்காவிடம் வேலை தப்பித்த கதையைச் சொன்னேன். முடித்ததும் அவர் ஒன்று கேட்டார்.

"மொதல்லயே உன்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"மாட்டேன்க்கா" என்றேன்.

"அதான் கேக்கல" என்றார்.