சுருதி சேராத ஒரு குரல்

ஒன்பது வருடம் இருக்கும். ஐப்பசி மாதம். போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இருந்த ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்து எனக்கு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்பு கிளம்பிவிடும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து காய் எடுக்க வரும் பதினொரு பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். நான் முன்னால், டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில். வண்டி மலையேற ஆரம்பித்ததும் பின்னால் பாட்டு ஆரம்பிக்கும். கூடவே எனக்குத் தலைவலியும் ஆரம்பிக்கும்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாட்டு என்றால் பைத்தியம். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. ஆனாலும் நமக்குக் காது சுத்தம் என்று ஒரு கர்வம் எப்போதும் உண்டு. மெல்லிசைதான் பிடிக்கும். கொஞ்சம் தாளம் தூக்கலாக இருந்தாலே மூஞ்சியைச் சுளிப்பேன். நண்பர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மைக் கைக்கு வந்தால் லேசில் திருப்பிக் கொடுக்கமாட்டேன். செல்போன் வந்தபிறகு கேட்கவே வேண்டாம். இயர்போனில் இசையை மட்டும் ஓடவிட்டு, அதற்கு மேல் என் குரலைப் பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, யாராவது நல்ல வார்த்தை சொல்கிறார்களா என்று ராத்திரி வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்ட எனக்குத் தினமும் காலையில் கிடைத்த கச்சேரி எப்படி இருந்தது என்று கேளுங்கள். அது அவர்களே கட்டிய பாட்டு. ராசிங்காபுரத்து அக்கா ஒருவர்தான் எடுத்துக் கொடுப்பார். ஐம்பது வயது இருக்கும், கணீர் குரல்.

"வெரசா வான்னு ஜீப்பு கத்துது,
வீட்டுல எத விட்டு வந்தே?"

ஒவ்வொருத்தியும் தன் முறைக்குப் பதில் பாட வேண்டும். அடுப்புல பால விட்டு வந்தேன் என்பார் ஒருவர். கொடியில சேலைய விட்டு வந்தேன் என்பார் இன்னொருவர். ஆளுக்கு ஒரு அடி, அதுவும் தினமும் அதே அடிதான். யாரும் யாருடையதையும் மாற்றிப் பாடமாட்டார்கள். கடைசி முறை சிலமலை என்ற ஊரிலிருந்து வரும் அக்காவுக்கு. நாற்பது வயது, ஒல்லியான உடம்பு, சிரித்த முகம். அவர் அடி, "கண்ணாடியில பொட்ட விட்டு வந்தேன்."

வார்த்தை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. குரல்தான் தாங்க முடியாது. கட்டைத் தொண்டை. மற்றவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே அவர் நிற்கமாட்டார். மேலேயும் போகமாட்டார், கீழேயும் வரமாட்டார், இரண்டுக்கும் நடுவில் சொந்தமாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருப்பார். அந்த அடி வரும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

தோட்டத்தில் இறங்கின பிறகாவது நிறுத்துவார்களா என்றால் அதுவும் இல்லை. ஏலச்செடி ஆளை மறைக்கும் உயரம். காயோ தரையை ஒட்டின சரத்தில் இருக்கும். ஆளுக்கு ஒரு வரிசை பிரித்துக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, வாளியோடு உள்ளே குனிந்துவிட்டால் பக்கத்து வரிசையில் இருப்பவரைக்கூடப் பார்க்க முடியாது. அந்தப் பச்சைக்குள்ளிருந்து பாட்டு மட்டும் வந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடம் சும்மா இருப்பார்கள். திரும்ப ராசிங்காபுரத்து அக்கா "வெரசா வான்னு" என்று எடுப்பார். பதினொரு குரலும் வரிசையாக வந்து போகும்.

அந்தச் சமயத்தில்தான் போடியில் ஒரு திருவிழாக் கச்சேரிக்கு உள்ளூரில் பாடத் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். செல்போனில் ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பினால் போதும். கீழே ஊரில் எந்நேரமும் வண்டிச் சத்தம். மலையில் கிடைக்கும் அமைதி அங்கே கிடைக்காது. அனுப்பக் கடைசி நாள் வந்துவிட்டது. அன்றைக்கு ஜீப்பை விட்டு இறங்கியதும் எல்லோரையும் நிறுத்தி, "இன்னையிலிருந்து தோட்டத்துக்குள்ள பாட்டு கூடாது. மொதலாளி சொல்லிட்டாரு" என்றேன். முதலாளி அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் தோட்டத்துப் பக்கம் வந்தே மூன்று வாரம் ஆகியிருந்தது.

ராசிங்காபுரத்து அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாடாட்டி எப்படித் தம்பி தெரியும்?" என்றார்.

என்ன தெரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. "சோலியப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

பத்து மணி வாக்கில் சாரல் நின்றது. நான் தோட்டத்து ஓரம் இருந்த ஒரு பாறைமேல் போனை வைத்து, இயர்போனை மாட்டிக்கொண்டு பாடினேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு என் குரல் அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரே தடவையில் முடிந்துவிட்டது. சந்தோஷத்தில் நானே எனக்குத் தலையை ஆட்டிக்கொண்டேன். பதினோரு மணிக்கெல்லாம் மஞ்சு இறங்கி (மேகம் தரைக்கு வருவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) எதிரில் இருக்கும் மரம்கூடத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு எல்லோரும் கொட்டகைக்கு வந்தார்கள். பத்துப் பேர்தான் இருந்தார்கள். சிலமலை அக்காவைக் காணவில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கேயாவது உட்கார்ந்துகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் வரிசைக்குப் போய்ப் பார்த்தோம். பாதி வரைக்கும் காய் எடுத்திருந்தது. வாளி அங்கேயே இருந்தது, ஆள் இல்லை. ஒதுங்கப் போயிருப்பார், அதற்கு மேல் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். மஞ்சில் சத்தம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றே புரியாது. ஒரு பதிலும் இல்லை. அந்தத் தோட்டத்துக் கீழ்ச்சரிவில் ஓடை. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அந்தக்கா எப்போ எந்திரிச்சுப் போனாங்க?" என்று பக்கத்து வரிசைப் பெண்ணைக் கேட்டேன்.

அதற்கு ராசிங்காபுரத்து அக்காதான் பதில் சொன்னார். "அவளுக்கு எப்படித் தெரியும்? பாடிக்கிட்டு இருந்தா, ஒருத்தி கொரலு நின்னதுமே எங்களுக்குத் தெரிஞ்சுரும். ஒரு முறை விட்டுப்போனா உடனே ஆளத் தேடிப் போயிருவோம். இன்னைக்கு எல்லாரும் வாய மூடிக்கிட்டுல்ல இருந்தோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாம்பும் அட்டையும் சறுக்குப் பாறையும் இருக்கிற காட்டுக்குள், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் வேலை செய்கிற அந்தப் பெண்கள், பாட்டை வைத்துத்தான் தங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் அந்த அக்கா காலையில் ஒரு வார்த்தையில் சொல்லப் பார்த்திருக்கிறார். என் ஒரு பாட்டுக்காக அதை நான் நிறுத்தியிருந்தேன்.

அவர் என் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. பெண்களைச் சரிவின் ஓரமாகக் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நிற்க வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெரசா வான்னு ஜீப்பு கத்துது" என்று எடுத்தார். காலையில் பாடும் உற்சாகம் அதில் இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு பாடினார். ஒவ்வொருத்தராகப் பதில் சொன்னார்கள். பால், சேலை, சாவி, தூங்குகிற பிள்ளை. பத்து அடியும் வந்தது. பதினோராவது இடத்தில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். இலைகளிலிருந்து சொட்டும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

பத்தடி கீழே இறங்கி மறுபடி பாடினார்கள். ஒன்றும் இல்லை. இன்னும் கீழே இறங்கினார்கள். நான்காவது தடவையா ஐந்தாவதா நினைவில்லை. பத்து குரலும் முடிந்தது. யாரோ விசும்பினார்கள். அந்த அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

இடது பக்கம், எங்களுக்கும் கீழே, "கண்ணாடியில... பொட்ட விட்டு வந்தேன்" என்று கேட்டது.

அதே கட்டைத் தொண்டைதான், சுருதியும் சேரவில்லை. அதைப்போல ஒரு பாட்டை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். பெண்கள் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள்.

ஓடைக்கு மேலே, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் அவர் கால் மாட்டியிருந்தது. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு, நெற்றியில் வெட்டு. சேலையெல்லாம் ரத்தம். உடம்பு ஜில்லிட்டிருந்தது. சாக்கை இரண்டு கம்பில் கோத்து அவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தோம். ஜீப்பில் ராசிங்காபுரத்து அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கிவிடக் கூடாது என்று வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தபடியே வந்தார். இத்தனை நேரம் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்ட போச்சு, மேல வரைக்கும் எட்டல. பெறகு கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. ஆனா என் மொற வந்துச்சுல்ல, பாடாட்டி ஏசுவீகளே" என்றார்.

இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் போடியில் பார்த்த டாக்டர்.

நான் அந்தப் பதிவை அனுப்பவில்லை. மறுவாரம் ஜீப்பில் எல்லோர் முன்னாலும், முதலாளி எதுவும் சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். "அது அன்னைக்கே தெரியும் தம்பி. மொதலாளிக்கு இருக்கிற சோலியில நாங்க பாடுறதையா கேட்டுக்கிட்டு இருக்கப்போறாரு" என்றார் ராசிங்காபுரத்து அக்கா. அதோடு அவர்கள் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். என்னால் விட முடியவில்லை.

நான்கு மாதம் கழித்துச் சிலமலை அக்கா கொஞ்சம் விந்தியபடி வேலைக்குத் திரும்பினார். வந்த அன்றே ஜீப்பில், நீங்களும் ஒன்று பாடுங்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வெகு நாள் பழகிய மெல்லிசை ஒன்றை, கண்ணை மூடிக்கொண்டு, எல்லா வளைவு நெளிவோடும் பாடினேன். முடித்ததும் சிலமலை அக்கா மெதுவாக, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நாங்க கூடப் பாடறதுக்கு அதுல எடமே இல்லையே" என்றார். டிரைவர் அண்ணன் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. அதற்குப் பிறகு எனக்கும் ஓர் அடி கொடுத்தார்கள். பன்னிரண்டாவது முறை என்னுடையது. மொத்தம் இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தேன். அந்தக் காலை நேரங்கள் மாதிரி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. மலை வேலையை விட்டுவிட்டு இப்போது போடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விடிகாலையில் தெருவில் ஜீப்பு போனால் இன்றும் வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. நடந்ததில் என் பங்கை அதுவரை நான் வீட்டில் சொல்லவில்லை. சிலமலை அக்கா திரும்பி வந்த அன்று சாயங்காலம்தான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் பதிவையும் போட்டுக் காட்டினேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நான் மூச்சு வாங்கும் இடத்தில், தூரத்தில், "ஆத்தா" என்று ஒரு குரல் கேட்கும். இயர்போன் மாட்டியிருந்ததால் அன்று எனக்குக் கேட்கவில்லை. விபத்து நடந்த அன்று ஊருக்கு வந்துதான் முதல்முறையாகக் கேட்டேன். அதை அழிக்கத் தைரியம் வரவில்லை.

மனைவி கேட்டு முடித்துவிட்டுப் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "நானும் அடுப்படியில பாடிக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த எடம் தப்பு, இந்த எடம் தப்புன்னீக. நிறுத்தி அஞ்சு வருசமாச்சு. நீங்க தேடவே இல்லையே" என்றாள்.

அவள் திரும்பப் பாட ஆரம்பிக்கப் பல மாதம் ஆனது. இன்றும் அவளுக்கு அந்த இடங்கள் தப்பாகத்தான் போகின்றன. இப்போதெல்லாம் என் காது அங்கே போவதில்லை. ஓர் அடி முடிந்ததும், அடுத்த அடி வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.